அறுபதாயிரம் என்ற தொகை: படுவான்கரைப் பெண் ஒருவரின் முதல் வேலை

மட்டக்களப்பு நகரில் வேலை தேடும் இளையோருக்கு வழிகாட்டும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். 2025 மே முதல் 2026 மார்ச் வரை ஒரு பெண்ணுடன் நாங்கள் நடந்த பாதையை இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆட்களின் பெயர், கிராமம், நிறுவனங்கள் எதையும் குறிப்பிடவில்லை. தொடக்கத்தில் நான் செய்த ஒரு பிழையால் ஐந்து கிழமைகள் வீணாயின. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 23. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்று நாங்கள் சொல்லும் பகுதியில், கொக்கட்டிச்சோலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு விவசாயக் கிராமம். தந்தை பிறருடைய வயலில் கூலிக்குப் போகிறவர். வேளாண்மை இல்லாத மாதங்களில் வாவியில் வலை வீசுவார். தாய் வீட்டோடு கோழி வளர்க்கிறார். ஒரு தம்பி உயர்தரம் படிக்கிறார்.

இந்தப் பெண் க.பொ.த. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தவர். இசட் புள்ளி பல்கலைக்கழகம் போகப் போதவில்லை. அதன் பிறகு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கியலும் கணினியும் சேர்ந்த ஒரு வருட டிப்ளோமா படித்தார். கட்டணம் 1,10,000 ரூபாய். பெரியம்மா தன் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த காசு அது. அந்த நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார். முடித்தவுடன் ஐம்பதாயிரத்துக்கு மேல் சம்பளம் என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. சான்றிதழைப் பார்த்தேன். அரசு ஏற்கும் தேசிய தொழிற்தகைமை மட்டம் எதுவும் அதில் குறிக்கப்படவில்லை. பணம் கட்டும் முன், தொழிற்பயிற்சிகளைப் பதிவு செய்யும் அரச அமைப்பான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்தக் கற்கைநெறி பதிவாகியிருக்கிறதா என்று கேட்கலாம் என அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கலியாணப் பேச்சு தொடங்கும் முன்னரே அவளுடைய பெயரில் ஒரு வீடு எழும்பியாக வேண்டும். இந்தக் குடும்பமும் வளவுக்குள் ஒரு வீட்டைத் தொடங்கி, லின்டல் மட்டத்தில் நிறுத்தியிருந்தது. அதற்காகத் தாய் எடுத்த நுண்கடனைக் கிழமைதோறும் கட்டி வந்தார்கள்.

முதற் சந்திப்பு, 2025 மே

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, தனியாக வந்தார். பதிவுப் படிவத்தை அழகான கையெழுத்தில் நிரப்பினார். 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற கட்டத்தில் 60,000 என்று எழுதினார்.

அந்த நேரத்தில் ஊர் முழுக்கச் சம்பளப் பேச்சுதான். அரச சேவையின் ஆகக் குறைந்த ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகக் கட்டம் கட்டமாக உயரும் என்று அந்த வருட வரவு செலவுத் திட்டம் அறிவித்திருந்தது. தனியார் துறைக்கான தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் ஏப்ரல் முதல் 27,000 ரூபாய். முதல் எண் எல்லோர் வாயிலும் இருந்தது. இரண்டாவது எண்ணை எங்களிடம் வரும் பிள்ளைகளில் அநேகர் கேள்விப்பட்டிருக்கவே இல்லை.

எங்களிடம் அப்போது வந்துகொண்டிருந்த ஆரம்ப நிலைக் கணக்கு வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30,000 முதல் 38,000 வரைதான் பேசப்பட்டது. அதனால் நான் படிவத்தைப் பார்த்த உடனேயே, "பிள்ளை, முதல் வேலைக்கு இந்தச் சம்பளம் இங்கே கிடைக்காது. முப்பத்தைந்து என்று மாற்றி எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பேனாவை மூடிவைத்தார். "யோசித்துச் சொல்கிறேன், சேர்" என்று எழுந்தார்.

அவர் எண்ணை மாற்றவில்லை. அதன் பிறகு வரவும் இல்லை. தொலைபேசியில் இரண்டு தடவை அழைத்தோம். எடுக்கவில்லை.

நான் சொன்ன தகவல் சரி. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் அதைச் சொன்னதுதான் பிழை.

இடையில் போன ஐந்து கிழமைகள்

இந்த நாட்களில் நடந்தவை எங்களுக்குப் பின்னரே தெரியவந்தன. நகரில் இரண்டு இடங்களுக்கு அவரே விண்ணப்பித்திருக்கிறார். ஓரிடத்தில் 60,000 என்று சொன்னதும் நேர்முகம் அந்த இடத்திலேயே முடிந்தது. மற்ற இடத்தில் அழைக்கவே இல்லை. இதற்கிடையில், மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்கு ஆள் சேர்க்கும் ஒரு தரகர் வீட்டுக்கு வந்து, முற்பணமாக ஒரு தொகை கையில் தருவதாகத் தாயிடம் பேசியிருக்கிறார்.

அந்தத் தாய்தான் ஜூன் கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். "சேர், இவள் படித்த படிப்புக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது என்றால் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் எனக்கு மனம் வரவில்லை" என்றார். மகள் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

தொகையின் கணக்கு

இந்தத் தடவை படிவத்தை எடுக்கவில்லை. "பிள்ளை, அறுபதாயிரம் என்று எழுதினீர்களே, அதை எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு நாட்காட்டித் தாளை எடுத்தார். பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: நுண்கடன் 13,000. பெரியம்மாவின் சங்கிலியை மீட்க மாதம் 10,000. கூரை வேலைக்குச் சேரப்போகும் சீட்டு 15,000. தம்பியின் தனியார் வகுப்பு 7,000. வீட்டுச் செலவுக்கு 15,000. கீழே இரட்டைக் கோடு போட்டு, 60,000.

துண்டுப்பிரசுரத்தின் ஐம்பதாயிரம் அவரை ஏமாற்றியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட தொகை அதிலிருந்து வந்ததல்ல. அவருடைய வீட்டின் கடன்களைக் கூட்டியபோது வந்த விடை அது. நான் 35,000 என்று மாற்றச் சொன்னபோது அவருக்குக் கேட்டது, 'உன் குடும்பத்தின் கடனில் இருபத்தையாயிரத்தைக் கட்டாமல் விடு' என்பதுதான்.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருந்தது, அல்லது இல்லாமல் இருந்தது. பஸ் காசு இல்லை. மதியச் சாப்பாடு இல்லை. மாதவிடாய்த் துணிக்கோ ஒரு சோடிச் செருப்புக்கோ ஒரு ரூபாய் இல்லை. ஐந்து வரிகளிலும் அவருக்கென்று எதுவும் எழுதப்படவில்லை. இதைச் சுட்டிக்காட்டியபோது தாய் அழுதார்.

இந்த வேலையில் 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம்' என்ற வசனத்தைத் தொழில் தருவோரிடமிருந்து வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். நானும் அதை ஓரளவு நம்பியிருந்தேன். இந்தத் தாளைப் பார்த்த பிறகு அந்த வசனத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

வீட்டில் கண்டவை, ஜூலை

அடுத்த கிழமை நானும் சக பணியாளர் ஒருவரும் அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். கடன் விபரம் பேசவும் வேண்டும், தந்தையைச் சந்திக்கவும் வேண்டும். கட்டிய சுவர்களின் மேல் கம்பிகள் துருப்பிடித்து நின்றன. நடுவறைக்குள் கோழிகள் திரிந்தன.

தேநீர் வந்த நேரத்தில், மேசையில் ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி இருப்பதைச் சக பணியாளர் கண்டார். ஊரின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் காசேடு. மூன்று வருடமாக அதை எழுதி வருபவர் இந்தப் பெண்தான். வரவு நீலத்தில், செலவு கறுப்பில், ஒவ்வொரு மாத முடிவிலும் வங்கிப் புத்தகத்துடன் ஒப்பிட்ட மீதி சிவப்பில். ஒரு பக்கத்தில் 40 ரூபாய் வித்தியாசம் வந்திருந்தது. அழித்து எழுதவில்லை. பக்கத்தில் சிறு குறிப்பு: 'பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் ஒரு சீட்டு இரண்டு தடவை பதியப்பட்டுள்ளது.' அடுத்த மாதத்தில் அது திருத்தப்பட்டிருந்தது.

எங்களிடம் தந்த சுயவிவரக்கோவையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சான்றிதழ்கள் மட்டும் ஒன்றரைப் பக்கம். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "அதற்குச் சம்பளம் இல்லையே, சேர். அது வேலையா?" என்றார்.

ஆரம்ப வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளிக்கு டிப்ளோமாவைவிட அந்த 40 ரூபாய்க் குறிப்பு பெரிய சாட்சி. கோவையைத் திருப்பி எழுதினோம். முதல் வரியில் சங்கக் கணக்கு. சங்கத் தலைவியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கினோம். சங்கத்தின் அனுமதியுடன் இரண்டு பக்கங்களை, ஆட்களின் பெயர்களை மறைத்து, நிழற்பிரதி எடுத்தோம்.

பிறகு தாளில் இருந்த ஐந்து வரிகளையும் குடும்பத்துடன் இருந்து ஒவ்வொன்றாகப் பேசினோம். நுண்கடன் இன்னும் 22 கிழமைகள்தான். அதை நிறுத்த முடியாது. சீட்டில் அவர்கள் இன்னும் சேரவில்லை. தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கூரை அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார். பெரியம்மாவைத் தாயே சென்று கண்டு, ஆறு மாதத் தவணை கேட்டு வந்தார். வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிக்க அவர் இணங்கினார். தரகரின் பேச்சை நிறுத்திவிட்டதாகத் தாய் சொன்னார்.

நுண்கடன் முடிந்த பிறகு மாதந்தோறும் தேவைப்படும் தொகை இப்போது இருபதாயிரத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. சம்பளத்தைக் குறைத்துக் கேட்கும்படி அவரிடம் நாங்கள் யாரும் மறுபடி சொல்லவில்லை. அவராகவே, "அப்படியென்றால் முப்பதுக்கு மேல் எதுவும் பார்க்கலாம்" என்றார்.

இரண்டு அழைப்புகள், ஆகஸ்ட்

முதலாவது, நகரில் ஒரு புடவைக் கடை. காசாளர் வேலை. 30,000 ரூபாய், 'எல்லாம் அடங்கலாக'. காலை 9 முதல் இரவு 8 வரை, மாதம் 26 நாட்கள். நியமனக் கடிதம் இல்லை. ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதி 'ஒரு வருடம் பார்த்துவிட்டு'.

இரண்டாவது, ஆரையம்பதிப் பக்கத்தில் கட்டடப் பொருட்களின் மொத்த விற்பனை நிலையம். கணக்கு உதவியாளர். 33,000 ரூபாய், முழுவதும் அடிப்படைச் சம்பளம். காலை 8.30 முதல் மாலை 5.30, சனி அரை நாள். மூன்று மாதத் தகுதிகாண் காலம். நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் உண்டு.

கேட்கும்போதே இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் குடும்பத்துக்கு முதலாவதில்தான் விருப்பம். நகரம், பெரிய கடை, தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசு. வித்தியாசமும் மூவாயிரம்தானே என்றார்கள். எனவே ஒரு தாளில் இரண்டையும் எழுதிப் பார்க்கச் சொன்னோம். கணக்கை அவரே போட்டார்.

புடவைக் கடைக்குப் போக பஸ் 120 ரூபாய். இரவு எட்டுக்குப் பிறகு அவருடைய ஊருக்கு பஸ் கிடையாது. உறவினர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்ற வேண்டும், பெற்றோலுக்கு 350. நாளுக்கு 470, 26 நாட்களுக்கு 12,220. கைக்கு வருவது 17,780.

ஆரையம்பதிக்கு மண்முனைப் பாலத்தால் போய் வர 160 ரூபாய். அந்தப் பாலம் 2014இல் திறந்திராவிட்டால் இந்த வேலையை யோசித்தே இருக்க முடியாது. அதற்கு முன் படகுப்பாதைக்குக் காத்திருந்துதான் வாவியைக் கடந்தோம். 24 நாட்களுக்கு 3,840. சேமலாப நிதிக்கு அவருடைய பங்கு நூற்றுக்கு 8, அதாவது 2,640. இரண்டையும் கழித்தால் 26,520. மூவாயிரம் என்று தெரிந்த வித்தியாசம் கையில் 8,740 ஆகிறது. முதலாளி தன் பங்குக்குச் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நூற்றுக்கு 3 என மாதம் 4,950 கட்டுகிறார். அது தனி.

வேலை நேரத்தையும் வகுத்துப் பார்த்தார். புடவைக் கடையில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 105 ரூபாய். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்கிறது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். சேமலாப நிதியும் முதலாளி விரும்பினால் தரும் சலுகையல்ல. 1958இலிருந்து அது சட்டம், தகுதிகாண் காலத்திலும் பொருந்தும். இளையோரிடம் 'யதார்த்தமாகக் கேளுங்கள்' என்று சொல்லும் நாங்கள், முதலாளிமாரிடம் சட்டப்படி கொடுங்கள் என்று அதே குரலில் சொல்வதில்லை. அன்று மாலை அந்தக் கடைக்குத் தொலைபேசியில் பேசி, நிதி கட்டாத இடத்துக்கு எங்களால் ஆள் அனுப்ப முடியாது என்று சொன்னேன். அதன் பிறகு அங்கிருந்து எங்களுக்கு அழைப்பு வரவில்லை.

தாளைத் தந்தையிடம் காட்டியது மகள்தான். அவர் எண்களை விரலால் தொட்டு வாசித்துவிட்டு, பாலத்தடி வேலைக்கே போகச் சொன்னார்.

பேசியதும் பேசாமல் விட்டதும்

நேர்முகத்தில் காசேட்டின் பிரதியை முதலாளி நீண்ட நேரம் புரட்டினார் என்று அந்தப் பெண் பிறகு சொன்னார். சம்பளம் பற்றிக் கேட்டபோது, ஒத்திகை பார்த்தபடியே, "33,000க்குச் சேர்கிறேன், ஐயா. மூன்று மாதத்தில் கடன்காரர் பேரேட்டை நானே தனியாகச் செய்தால் 3,000 கூட்டித் தருவீர்களா?" என்று கேட்டிருக்கிறார். முதலாளி சம்மதித்தார், வாயால். கடிதத்தில் எழுதச் சொன்னால் வேலையே கைநழுவிவிடுமோ என்ற பயம் அவருக்கு. எங்களுக்கும் அதே பயம். எழுத்தில் கேட்கவில்லை.

செப்டம்பர் 1ஆம் திகதி வேலைக்குச் சேர்ந்தார்.

சேர்ந்த பின்

முதல் மாதம் கடினம். பொருட்களின் பெயர்களே தெரியவில்லை. கம்பியின் அளவும் குழாயின் அளவும் வெவ்வேறு முறையில் எழுதப்படுவதால் இரண்டு பட்டியல்களில் பிழை விட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு வாங்கினார். அன்று இரவு வேலையை விடப்போவதாக எனக்குச் செய்தி அனுப்பினார். காலையில் பேசினோம். மறுநாளிலிருந்து மதிய இடைவேளையில் களஞ்சியப் பொறுப்பாளரான ஒரு முதியவரிடம் ஒவ்வொரு பொருளாகப் பெயர் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினார். அந்தப் பெரியவர் பொறுமையானவர். இந்த நிகழ்வில் எங்களைவிட அதிகம் உதவியவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மழை வந்தது. வயல் வீதிகள் மூழ்கின. அவரால் நான்கு நாட்கள் வர முடியவில்லை. மூன்று மாதம் முடிவதும் சரியாக அந்த நேரம். வியாபாரம் படுத்திருந்தது. வாக்களித்த மூவாயிரம் பற்றி முதலாளி பேசவில்லை, இவரும் கேட்கவில்லை.

டிசம்பரில் நுண்கடன் முடிந்தது.

2026 ஜனவரியில் தேசிய ஆகக் குறைந்த சம்பளம் 30,000 ஆனது. நாங்கள் இதை முன்கூட்டியே அறிந்திருந்தோம். ஆனால் அதன் விளைவை யோசிக்கவில்லை. கடையில் புதிதாகச் சேர்ந்த விற்பனை உதவியாளரின் சம்பளம் 27,000 இலிருந்து 30,000க்கு ஏறியது. இவருடையது 33,000லேயே நின்றது. முன்பு ஆறாயிரமாக இருந்த இடைவெளி மூவாயிரமாகச் சுருங்கிவிட்டது. "நான் படித்தது, பேரேடு எழுதுவது எல்லாம் மூவாயிரத்துக்கா, சேர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பிழை இல்லை.

பெப்ரவரியில் அவர் முதலாளியைத் தனியாகச் சந்தித்தார். வாக்குறுதியை நினைவூட்டுவதோடு நிற்கவில்லை. கையில் ஒரு பக்கத் தாள் கொண்டுபோனார். தான் சேர்ந்தபோது வாடிக்கையாளரிடமிருந்து மூன்று மாதத்துக்கு மேல் வராமல் கிடந்த கடன்கள் எவை, கிழமைதோறும் தொலைபேசியில் அழைத்து அவற்றில் எவற்றை வசூலித்தார், இன்னும் எவை மீதி என்று மூன்று நிரல்கள். மார்ச் முதல் சம்பளம் 37,000 ஆனது. வாயால் பேசியதைவிட ஆயிரம் கூட. மூன்று மாதம் பிந்தி வந்தது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மூன்று மாதம் கழித்துக் கூட்டுவதாகச் சொல்லும் தொகையை, நியமனக் கடிதத்தில் முடியாவிட்டாலும், நன்றி சொல்லி அனுப்பும் ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுத்தாக்க வேண்டும். '33,000க்குச் சேர்கிறேன், டிசம்பரில் நீங்கள் கூறியபடி மீள்பார்வை செய்வீர்கள் என நம்புகிறேன்' என்று இரண்டு வரி போதும். எந்த முதலாளியும் அதற்காக வேலையைத் திருப்பி எடுத்திருக்க மாட்டார். இப்போது எல்லோருக்கும் இதைச் செய்விக்கிறோம்.

ஆகக் குறைந்த சம்பளம் ஏறும் திகதி முன்னரே தெரிந்திருந்தால், சேரும்போதே அந்தத் திகதிக்குப் பிறகு தன் சம்பளம் என்னவாகும் என்று கேட்கச் சொல்ல வேண்டும். இதில் நாங்கள் தவறிவிட்டோம்.

டிப்ளோமாவுக்குக் கட்டிய 1,10,000 ரூபாய்க்கு இன்னும் விடை இல்லை. பெரியம்மாவின் சங்கிலி இதை எழுதும்போதும் அடகில்தான் இருக்கிறது. மஞ்சந்தொடுவாயில் அரச தொழில்நுட்பக் கல்லூரி இருக்க, அங்கே என்ன படிக்கலாம் என்று ஒருநாள் போய் விசாரிக்கும்படி பாடசாலையை விட்டு விலகும் முன்னரே அவரிடம் சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும். அதனால் இந்த வருடம் படுவான்கரைப் பாடசாலைகளில் உயர்தரப் பரீட்சை முடிந்த கிழமையிலேயே பெற்றோரையும் சேர்த்துச் சந்திக்கத் திட்டமிட்டிருக்கிறோம்.

அரச வேலைக் கனவை அவர் விடவில்லை. முகாமைத்துவ உதவியாளர் பரீட்சைக்கான அறிவித்தல் வந்தால் எழுதுவார். விடச் சொல்லி நாங்கள் சொல்லவும் இல்லை. அதற்குக் காத்திருந்து வீட்டில் இருக்கும் நாட்கள்தான் இழப்பு. அவர் இப்போது வீட்டில் இல்லை.

எங்கள் பதிவுப் படிவத்திலிருந்து 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: வீட்டுக்கு மாதம் எவ்வளவு தர வேண்டும், அது எதற்கு? வேலைக்குப் போய்வர, சாப்பிட, உங்களுக்கென்று எவ்வளவு வேண்டும்? சம்பளம் இல்லாமல் இதுவரை என்ன வேலை செய்திருக்கிறீர்கள்?

மார்ச் கடைசியில் அவர்களுடைய வளவுக்கு ஒரு தடவை போனேன். சுவரின் மேல் கம்பிகள் அப்படியே நின்றன. பெப்ரவரியில் பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டொன்றில் சேர்ந்திருந்தார்கள். முற்றத்தில் நான்கு பனங்கைமரங்கள் தார்ப்பாய்க்குக் கீழே அடுக்கப்பட்டிருந்தன. முதல் நான்கையும் தந்தை வாங்கினார், மற்றவற்றைத் தான் வாங்கப் போவதாக மகள் சொன்னார்.